அப்பா கட்டிய சிவப்பு நூல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் மூத்த மகளுடைய வணக்கம். என் கல்யாணத்துக்கு வந்த உங்களில் பலர், ஒரு கேள்வியை என் முகத்துக்கு நேராகக் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் கேட்டீர்கள். காஞ்சிபுரத்துப் பெண், பெற்ற தாயே தறியில் உட்கார்ந்து நெய்கிறவர், அப்படியிருக்கக் கூறைப்புடவை ஏன் அரக்கில் இல்லை, மாம்பழ நிறத்தில் யாராவது தாலி கட்டிக்கொள்வார்களா என்று. அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இனி அதைச் சொல்லலாம் என்று அம்மா உத்தரவு கொடுத்திருக்கிறார்.

அப்பா பிறந்தது தாமலில், ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்த குடும்பத்தில். ஏரி நிரம்பிய வருடம் நெல்லுச் சோறு, நிரம்பாத வருடம் கூழ் என்று வளர்ந்தவர். பெரியப்பாக்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, அப்பா போலீஸில் சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். அவர் அதட்டினால் எங்கள் வீட்டுப் பூனைகூட நகராது. இவர் தெருவில் நின்று கூட்டத்தைக் கலைக்கப் போவதில்லை என்று அதிகாரிகளுக்கும் புரிந்திருக்க வேண்டும், ஆயுதக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அம்மாவை விரும்பி மணந்து பெரிய காஞ்சிபுரத்தில் குடியேறினார். அப்போது இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததை இங்கே நினைவுபடுத்துவதற்குப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

கிடங்கில் அப்பாவின் பொறுப்பில் பிஸ்டல்கள் இருந்தன. எல்லாம் ஒரே சாயல், ஆனால் ஒரே வகை அல்ல. அப்பா சொல்வார், அண்ணன் தம்பி மாதிரி, தூரத்தில் பார்த்தால் குழப்பும், கிட்டத்தில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று. பின்னால் இருக்கும் சுத்தி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருந்தால் அது பழைய வெளிநாட்டுச் சரக்கு. நீண்டு வளைந்திருந்தால் பிறகு வந்தது. சுட்ட தோட்டாவின் உறையை இழுத்து வெளியே போடும் கொக்கி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் வலப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் புதியது, உள்ளே மறைந்திருந்தால் பழையது. சில துப்பாக்கிகள் ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் ஸ்லைடை மாட்டிக்கொண்டு திரிந்தன. நம்பரைப் பார்க்காமலே அப்பா அவற்றைப் பிரித்துச் சொல்வார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.

ஆனால் வெளியே தெரியாத வித்தியாசம் ஒன்றும் இருந்தது. அந்தப் பிஸ்டல்கள் எல்லாவற்றிலும், தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் விசையை அழுத்தினாலும் சுடாது. அதற்கென்று உள்ளே ஒரு சின்னப் பாகம் உண்டு. அது இருந்தால் விசை சற்றுக் கடினமாக இருக்கும் என்று யாரோ, எப்போதோ, ஒரே ஒரு துப்பாக்கியில் மட்டும் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அது அப்பா வருவதற்கு முன்னால் நடந்தது. அப்பா மாற்றுப் பாகம் வேண்டும் என்று மேலே கேட்டிருந்தார். அது வரும்வரை அடையாளத்துக்காக, அம்மாவின் தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலை எடுத்துப்போய், பிடியின் அடியில் கயிறு மாட்டும் வளையத்தில் கட்டி வைத்தார். சிவப்பு நூல் இருந்தால் மேகசினைக் கழற்றினாலும் நம்பாதே என்று அர்த்தம். கிடங்கில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். புதிதாக வந்த ஒருவருக்கு மட்டும் தெரியாது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒவ்வொன்றுக்கும் பூ கட்டினார்கள். பூஜை முடிந்ததும் பாதுகாப்பு வேலைக்குத் துப்பாக்கிகள் உடனே வேண்டும் என்று ஆள் வந்துவிட்டது. அப்பா ஒரு பிளேடை எடுத்துப் பூக்கட்டிய நார்களை வேகவேகமாக அறுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினார். மறுநாள் அவை திரும்பி வந்தன. புதிதாக வந்த அந்தக் காவலர் ஒரு பிஸ்டலின் மேகசினைக் கழற்றினார். கழற்றிவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது என்று துடைத்தபடியே விசையை அழுத்தியிருக்கிறார். குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தது. பக்கத்து அறையில் இருந்த அப்பா ஓடிப்போய் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. வளையத்தில் நூல் இல்லை.

அவர் வேண்டுமென்றே தன்னைச் சுட்டுக்கொண்டார் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. அவர் மனைவி மாகறல்காரர். புருஷனோடு சண்டை, அவள் வாய்தான் அவனைக் கொன்றது என்று ஊரே சொன்னது. விசாரணையில் அப்பா அந்தத் துப்பாக்கியைப் பிரித்து மேசைமேல் பரப்பி, ஒரு பாகம் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பதைக் காட்டினார். "நூலைக் கட்டினவன் நான். எப்படிப் போச்சுன்னு தெரியலைங்க. பூ நாரை அறுக்கும்போது நானே அறுத்திருக்கலாம்" என்றார். அந்தப் பெண்ணின் மேல் இருந்த பழி நீங்கியது. அப்பாவைக் கிடங்கிலிருந்து மாற்றி வாசல் காவலுக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அரக்கு நூல் நுழையவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஒருநாள், தறியில் ஏற்கெனவே ஏற்றியிருந்த அரக்குப் பாவு நூலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. அம்மா மறுநாளே நூல் கொடுக்கும் முதலாளியிடம் போய், "அரக்கு எனக்கு வேணாங்க, வேற எந்தக் கலரானாலும் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். காஞ்சிபுரத்தில் அரக்கு நெய்யமாட்டேன் என்ற நெசவாளியைப் பார்த்து முதலாளி சிரித்தாராம்.

அப்பாவும் மாறிப்போனார். கேஸ் அடுப்பை அணைத்த பிறகு குமிழைத் தொட்டுப் பார்ப்பார். அது போதாமல் பர்னர் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுப்பார், நாலடி நடந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் எங்கோ போய்விடும். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் அசையும். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கும் அசைவு அது. எங்கள் வீட்டில் அந்தக் காவலர் எங்களோடேயே இருந்தார் என்றுதான் சொல்வேன். சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை விட்டுத்தான் நாங்கள் உட்காருவோம். யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மறுநாள் அப்பா மாகறலுக்கு பஸ் ஏறுவார். சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்தக் காவலரின் மனைவி வீட்டுக்குப் போவார். எங்களுக்கு அவர் மாகறல் அத்தை. நானும் சில முறை கூடப் போயிருக்கிறேன். அத்தை காபி கொடுப்பார். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நூலை நான்தான் அறுத்தேனான்னு இன்னும் தெரியலம்மா" என்பார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்கண்ணா, அதையே நெனச்சிக்கினு" என்பார். இவ்வளவுதான் பேச்சு. அந்தக் கேள்வியைச் சுமந்து போய், அதையே திரும்பச் சுமந்து வருவார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பித் தப்பி வந்தது. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மேகசின், ஸ்லைடு, ஸ்ப்ரிங், குழல் என்று பிரிக்கும் வரிசையில் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுவார். "அது இருக்குதா பாரு" என்பார். நர்ஸ் செல்போனைக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார். அம்மாதான் காதருகே குனிந்து, "இருக்குது, நான் பாத்துட்டேன். நீங்க தூங்குங்க" என்பார். அப்பா நம்பவில்லை. நம்பாமலேயே போய்ச் சேர்ந்தார்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் மாகறல் அத்தை வந்தார். அரிசியைப் போட்டுவிட்டு நகராமல் அப்பாவின் காதோரம் குனிந்தார். நான் தலைமாட்டில் நின்றிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணா, நூலை நீங்க அறுக்கலண்ணா. எங்க வீட்டுக்காரருதான் அறுத்தாரு. பூஜைக்குத் தொடச்சிக்கினு இருக்கும்போது, அழுக்கு நூலு தொங்கினு இருந்துது, சாமி முன்னாடி நல்லா இல்லன்னு அறுத்துப் போட்டுட்டேன்னு அன்னைக்கு சாப்புடும்போது எங்கிட்ட சொன்னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு அத்தையின் கையை இறுக்கிப் பிடித்தேன். "இத்தினி வருசமா ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லிட்டா உங்கப்பா அப்புறம் எதுக்கும்மா மாகறலுக்கு வருவாரு?" என்றார் அத்தை. "எங்க வீட்டுக்காரரு பேரைச் சொல்றதுக்கு இந்த ஒலகத்துல உங்கப்பா ஒருத்தருதான் வந்துக்கினு இருந்தாரு."

பிடித்த கையை விட்டுவிட்டேன். அப்பாவின் காதில் அது ஏறியதா என்றுதான் இந்த ஓராண்டாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா படுத்திருந்தபோது முறை வைத்து உடனிருந்த தாமல் பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த தெரு முனை ஆட்டோக்காரர்களுக்கும், சீருடையோடு வந்து சல்யூட் அடித்துவிட்டுச் சுடுகாடுவரை தோள் கொடுத்த அப்பாவின் பழைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அம்மா தறியில் மறுபடி அரக்கு ஏற்றியிருக்கிறார். முதல் புடவை மாகறலுக்குப் போகிறது. போன ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்குக் கோபம் ஆறவில்லை, அதனால் மாகறலுக்குப் போகவில்லை. அத்தை அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தை, இந்த வருடம் நான் வருகிறேன். உங்களிடம் கேட்க என்னிடம் எந்தக் கேள்வியும் இல்லை. காபி மட்டும் போட்டு வையுங்கள்.