பெரியம்மா காம்பராப் புகை

லிந்துலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வரிசையா ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவுல ஒரு பெரியம்மா தனியா இருந்தாங்க. புருசன் செத்துப் பல வருசம், புள்ளைகுட்டி இல்ல. மழையிலயும் பனியிலயும் கொழுந்து எடுத்தே முட்டி ரெண்டும் மடங்கிப் போச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அடுப்பு வரைக்கும் நகருவாங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில கொண்டு போய் விடுறோம்னா, "அங்க போன கெழடுக எது நடந்து திரும்பி வந்துச்சு? நான் இங்கயே கெடக்குறேன்"னு முகத்தைத் திருப்பிக்குவாங்க.

அதனால மத்த அஞ்சு வீட்டுப் பொம்பளைகளும் முறை வச்சுக்கிட்டோம். ஒரு நாளைக்கு ஒருத்தி. முறைக்காரி விடியுமுன்ன அவங்க அடுப்பை மூட்டி, ரொட்டியும் தேத்தண்ணியும் குடுத்து, வாளியில தண்ணி வச்சிட்டுத்தான் காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்குப் பேர் போடப் போகணும்.

பகல் முழுக்க நாங்க எதிர்மலையில நிப்போம். சாப்பாடும் அங்கதான். அங்கேருந்து பார்த்தா லயத்துத் தகரக் கூரை தெரியும். பொழுது ஏறினதும் பெரியம்மா நகர்ந்து போய் அடுப்புல ஒரு கை மிளாறு போடணும். கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சிதான் மிளாறு, சட்டுன்னு எரிஞ்சு அடங்கிரும். தகரத்துச் சந்துல புகை கெளம்பினா ஆளு நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். கெளம்பலேன்னா முறைக்காரி கூடையை எறக்கி வச்சிட்டு ஓடணும்.

இந்த ஏற்பாட்டைச் சொன்னது நான்தான். அதுல எனக்கு இன்னைக்கும் பெருமை உண்டு.

ஒரு தடவை என் முறையன்னைக்கு மிளாறு நனைஞ்சு போய்ப் புகை வரல. ஓடினேன். பெரியம்மா கம்பளிக்குள்ள குந்திக்கிட்டு, "என்னாடி இப்படி எளைக்குற? ஒங்கிட்டச் சொல்லாமயா செத்துப் போவேன்?"னு சிரிச்சாங்க. திரும்ப மலை ஏறினா, கங்காணி எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "மகாராணி கொழுந்து எடுக்க வந்தீங்களா, புகை பாக்க வந்தீங்களா?"ன்னாரு. பொம்பளைகளும் சிரிச்சாளுக. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. வேலையில ஒருத்தர் வாயால ஒரு சொல்லு கேட்டவ இல்ல நான்.

அடுத்த முறை வந்தப்ப அடைமழை. அடுப்பை மூட்டிட்டு, வேரோட காய்ஞ்ச பெரிய தேயிலைக் கட்டை ஒண்ணை உள்ள தள்ளினேன். அது நாள் பூராவும் கெடந்து புகையும்.

"இன்னைக்கு நீங்க எந்திரிக்கவே வேணாம் பெரியம்மா. குளிருக்கும் நல்லது."

"பொழைக்கத் தெரிஞ்சவடி நீ"ன்னாங்க.

அன்னைக்கு ஒரு நிமிசம்கூடப் புகை நிக்கல. பக்கத்து நிரையில நின்னவ, "ஒன் முறைன்னா புகைகூட தெம்பாத்தான் வருது"ன்னா. நானும் நிமிந்து நிமிந்து பாத்து மனசு நெறைஞ்சு நின்னேன்.

சாயங்காலம் போய்க் கதவைத் தள்ளினா, பெரியம்மா மண் தரையில குப்புறக் கெடக்குறாங்க. நான் போன கொஞ்ச நேரத்துலயே விழுந்திருக்காங்க. ரொட்டி கடிக்காம இருந்துச்சு. தேத்தண்ணி ஆறிப் பச்சத்தண்ணியாக் கெடந்துச்சு. இடுப்பு ஒடிஞ்சு, சீலையெல்லாம் நனைஞ்சு, கத்திக் கத்திக் குரலும் கம்மிப் போயிருச்சு. நீட்டின கைக்கும் தண்ணி வாளிக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு.

தூக்கி மடியில போட்டேன்.

"கட்டையை அணைச்சிட்டா நீ ஓடியாருவன்னு நகந்து பாத்தேன்டி. வாளி எட்டல."

மூணாம் நாள் போயிட்டாங்க. கங்காணி முன்னால நின்னு எல்லாம் செஞ்சாரு. குளிருக்காகத்தான் கட்டை வச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் வச்சேன்னு சொல்லல. அது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன். அதுக்கப்புறம் மகாராணிங்கறதை விட்டு என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாரு.

மறு வருசம் மேல் லயத்துல ஒரு கெழவர் படுத்துட்டாரு. திரும்பவும் முறை வச்சோம். மிளாறு மட்டும்தான் போடணும், கட்டை வைக்கவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ஏன்னு ஒருத்தியும் கேக்கல.