பச்சைச் சட்டை போட்ட திருஷ்டிப் பொம்மை

சின்னாயியைப் பற்றிப் பேசும்போது யாராவது ‘பாவம்’ என்று ஆரம்பித்தால் அவர்களுக்கு என் கடையில் டீ கிடையாது. பாவமாவது, புண்ணியமாவது! தலையில் கான்கிரீட் சட்டி சுமந்துகொண்டே ஒரு முதலாளியை நடுத்தெருவில் நிறுத்தியவள் அவள். எனக்குச் சொந்த ஊர் புதுச்சத்திரம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டீக்கடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. எதிரே நிற்கிற பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அஸ்திவாரக் குழியிலிருந்து பார்த்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் முதலாளியைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவக்குமார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை, போர்வெல் போடுகிற ரிக் வண்டி என்று தலையெடுத்து, பிறகு சேலத்தில் அடுக்குமாடி கட்டி விற்க வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஜரிகை வைத்த பட்டுத் துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சிமெண்டில் குறைப்பார், சாம்பிராணியில் குறைக்க மாட்டார். ஜோசியர் நேரம் குறித்துக் கொடுக்காமல் ஒரு தளத்துக்கும் கான்கிரீட் விழாது.

சின்னாயிக்குச் சேந்தமங்கலம். புருஷன் அருணகிரி சாரம் கட்டுகிறவர். இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பார்கள், அவர் மேலே, இவள் கீழே. இதற்கு முன்னால் ஐந்து ரோட்டுப் பக்கம் இதே சிவக்குமார் கட்டிய கட்டடத்தில்தான் அருணகிரி நாலாம் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். சாரத்துக்குக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகள் உளுத்துப்போனவை. மாற்றித் தரும்படி அவர் கேட்டதும், இந்தத் தளம் முடியட்டும் பார்க்கலாம் என்று முதலாளி தள்ளிப்போட்டதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் சிவக்குமார் சொன்னது ஒரே வாக்கியம்.

“குடிச்சுப்போட்டு ஏறிட்டானுங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அருணகிரி அப்போது பழனிக்கு மாலை போட்டிருந்தார். தைப்பூசத்துக்கு நடந்து போவதற்காக விரதத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஊர் வாய்க்கு அதெல்லாம் தேவையும் இல்லை. மாலையோடு குடித்தவனை முருகனே தள்ளிவிட்டான், சாமி குத்தம் என்று சேந்தமங்கலம் பேசிவிட்டது. அங்கே பாதயாத்திரைக் குழுவில் ஒரு வழக்கம். யாத்திரை புறப்படும் அன்று காலமானவர்களுக்கு ஆளுக்கொரு தீபம் ஏற்றிப் பெயர் சொல்வார்கள். அந்த வருஷம் எல்லாப் பெயரும் சொன்னார்கள், அருணகிரி பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் சொல்லவில்லை.

அப்படிப் புருஷனைப் பறிகொடுத்த சின்னாயி ஒருநாள் இதே சிவக்குமாரின் புதுக் கட்டடத்தில் பூபதி மேஸ்திரியின் ஆட்களோடு சித்தாளாக வந்து இறங்கினாள். கதைதான் எனக்குத் தெரியுமே. கேட்டே விட்டேன்.

“ஏனம்மணி, அந்தாளு கட்டடத்துக்கே வந்திருக்கறயே, ரோசமில்லையா உனக்கு?”

“ரோசம் இருக்கறதுனாலதானுங்ணா வந்தேன்” என்றாள். “என்ற ஊட்டுக்காரரு குடிக்கலைன்னு அந்த வாயே சொல்லோணும். நாலு பேரு கேக்கச் சொல்லோணும். அது வரைக்கும் இந்த எடத்த உட்டு நகர மாட்டனுங்க.”

எப்படிச் சொல்ல வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்காது. வழியைக் காட்டியது சிவக்குமாரேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

தரைத்தளத் தூண்கள் எழுந்ததும், ஊரில் எல்லாக் கட்டடத்திலும் தொங்குகிற மாதிரி திருஷ்டிப் பொம்மை கட்டச் சொன்னார். என் கடை வாசலில் நின்றுதான் மேஸ்திரியிடம் சொன்னார்.

“பூபதி, ஒண்ணு நல்லாக் கேட்டுக்க. பொம்மையக் கட்டுன கைதான் மாடிக்கு மாடி மாத்திக் கட்டோணும். கட்டுன கைதான் கெரகப்பிரவேசத்தன்னைக்கு அவுத்து எரிக்கோணும். கை மாறுனாலோ, நடுவுல அவுத்தாலோ திருஷ்டி பூராவும் என்ற தலையிலதான் எறங்கும்னு ஜோசியர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு.”

“நான் கட்டறனுங்க” என்று சித்தாள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிவக்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தாளின் முகத்தை எந்த முதலாளி பார்த்திருக்கிறார்?

வைக்கோல் வந்தது, பழைய பேன்ட் வந்தது, தலைக்கு ஒரு மண்பானை வந்தது. சட்டையைச் சின்னாயி தன் பையிலிருந்து எடுத்தாள். பச்சைச் சட்டை. அருணகிரி விழுந்தபோது போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை அவள் துவைக்கவே இல்லை. மாலை போட்ட ஆட்களுக்கெல்லாம் அந்த வருஷம் சிவக்குமார் கையாலேயே எடுத்துக் கொடுத்த சட்டை அது. முதுகில் பெரிதாக அச்சடித்திருந்தது: ‘பழனி பாதயாத்திரை. உபயம்: சிவக்குமார்.’ ஆக, அந்த ஆள் விரதத்தில் இருந்தது முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் குடிகாரன் என்றார்.

பொம்மைக்குச் சூடம் காட்டி, பூசணி உடைத்து, சிவக்குமாரே விபூதி வைத்துக் கும்பிட்டார். முன்பக்கம்தான் தெரிந்தது. கீழே நின்றிருந்த பழைய ஆட்கள் சட்டையை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆடி பிறந்தது. அம்மியே பறக்கிற காற்றில் பொம்மை திரும்பாதா? மூன்றாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சுற்றுச் சுற்றி முதுகைத் தெருவுக்குக் காட்டியது. சிவக்குமார் அப்போதுதான் காரை விட்டு இறங்கினார். தன் பெயர் மேலே தொங்குவதைப் படித்தார். பேயறைந்த மாதிரி நின்றார்.

“ஆரு கட்டுனது இத?”

சின்னாயி தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். “நானுங்க. அருணகிரி சம்சாரம்.”

“மொதல்ல அத அவுத்து எறி.”

“நடுவுல அவுத்தா ஆவாதுன்னீங்களே. உங்க தலைக்குத்தானுங்க வரும்.”

சிவக்குமார் ஜோசியருக்குப் போன் போட்டார். ஜோசியர் பிடி கொடுக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றினால் ஜோசியம் என்ன ஆவது? பொம்மையைத் தொட முடியாத கோபத்தில் அவளை வேலையை விட்டு அனுப்பினார். எப்படியும் கூப்பிட ஆள் வரும் என்று தெரிந்தவளாக அவளும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கட்டடம் வளர்ந்தது, பொம்மை மூன்றாம் மாடியிலேயே கிடந்தது. மாற்றிக் கட்ட வேறு கை ஆகாதே! ஆறாம் தளம் போடுகிற அன்று சிவக்குமார் பூஜைத் தேங்காயை உடைத்தார், அழுகல். இன்னொன்றை உடைத்தார், அதுவும் அழுகல். பக்கத்துக் கடைக்காரன் பழைய சரக்குத்தான் விற்பான் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அதை நான் ஏன் முதலாளியிடம் சொல்லப்போகிறேன்? மறுநாள் காலை சிவக்குமாரின் கார் சேந்தமங்கலம் போய்ச் சின்னாயியைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்தது.

அதற்குப் பிறகு தளம் ஏற ஏறப் பொம்மையும் ஏறியது. அவளே அவிழ்ப்பாள், அவளே தோளில் தூக்கிப் போவாள், அவளே கட்டுவாள். முதுகைத் தெருப்பக்கம் வைத்துத்தான் கட்டுவாள். வீடு பார்க்க வருகிறவர்கள் என்னிடம் விசாரித்தார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னேன். சிவக்குமார் பின்பக்கச் சந்து வழியாக வர ஆரம்பித்தார். தான் கட்டுகிற கட்டடத்தைத் தானே நிமிர்ந்து பார்க்க முடியாத முதலாளியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

“அந்தாளு தூங்கறதே இல்லைன்னு டிரைவர் சொல்றாருங்ணா” என்று ஒருநாள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். “அதக் கேட்டதுக்கப்பறம்தான் எனக்குச் சோறு எறங்குது.”

பொம்மை எட்டாம் மாடியில் இருக்கும்போது சிவக்குமார் சமாதானத்துக்கு இறங்கி வந்தார். கட்டடம் முடிந்ததும் அவளுக்கு அங்கேயே நிரந்தரமாக வேலை, தங்க ஓர் அறை என்றார். “அதெல்லாம் வேண்டாமுங்க. அவரு குடிக்கலைன்னு மைக்குல சொல்லுங்க, போதும்” என்றாள். சிவக்குமார் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிரகப்பிரவேசம் வந்தது. வாசலில் வாழை மரம், பந்தல், ஹோமம், மைக் செட். வீடு வாங்கியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பசுவும் கன்றும் தயாராக நின்றன. பொம்மையை இறக்கி எரித்த பிறகுதான் பசு உள்ளே போகலாம். சின்னாயியோ என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம் பாதயாத்திரைக் குழுவின் குருசாமி. அவரை அவளே போய் அழைத்து வந்திருந்தாள்.

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. சிவக்குமார் தெருவைத் தாண்டி வந்தார்.

“வந்து அவுத்து உடு, சின்னாயி.”

“சொல்லுங்க, அவுக்கறேன்.”

அவர் குருசாமியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். “எங்கிட்ட வேலை பார்த்த அருணகிரி நல்ல மனுசன்...” என்று இழுத்தார்.

சின்னாயி எழுந்து பந்தலுக்கு நடுவில் போய் நின்றாள். “நல்ல மனுசன்னு எனக்குத் தெரியுமுங்க. குடிக்கலைன்னு சொல்லுங்க.”

சிவக்குமாருக்கு வேர்த்து ஊற்றியது.

“அவன் குடிக்கலைங்க. மாலை போட்டிருந்தான். சாரத்துக் கம்பு உளுத்துப்போனது. மாத்தித் தரச் சொல்லிக் கேட்டான், நான் மாத்தல. குடிச்சான்னு நாந்தான் பொய் சொன்னேன்.”

குருசாமி பந்தலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். “முருகா, அருணகிரி” என்று வாய்விட்டுச் சொன்னார். சின்னாயி அழவில்லை. நேராகப் பன்னிரண்டாம் மாடிக்குப் போய்ப் பொம்மையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். முச்சந்தியில் போட்டாள். பச்சைச் சட்டையின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, குருசாமி கையில் கொடுத்தாள்.

சிவக்குமார் பதறினார். “ஏம்மா, பொம்மைய வெறும் மேலோட எரிக்கக் கூடாது. துணியோடதான் எரிக்கோணும்.”

“ஆமாங்க. அதுக்குத்தான் நிக்கறேன்” என்று கையை நீட்டினாள். “அந்தத் துண்டக் குடுங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பசு வாசலில் நின்றது. சிவக்குமார் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பொம்மையின் தோளில், அவர் போடுகிற மாதிரியே போட்டாள். தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தீ வைத்தாள். ஜரிகை முதலில் பற்றியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“எரிஞ்சு முடியற வரைக்கும் நில்லுங்க மொதலாளி” என்றாள் சின்னாயி. “கட்டுன கை சொல்றேன்.”

வெறும் தோளோடு அவர் நின்றார். அவள் அவசரப்படவே இல்லை. தீ அடங்கும்போதெல்லாம் குச்சியால் வைக்கோலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.