முதல் நாளே போட்ட டிக்

ஆதிலட்சுமி அந்தத் தனியார் மருத்துவமனையில் தொண்ணூற்றொன்றில் வார்டு ஆயாவாகச் சேர்ந்தாள். பத்தாவது வரை படித்தவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். பதின்மூன்று வருடம் கட்டுத்துணி மடித்தாள், பெட்பேன் கழுவினாள். கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார யாருக்கும் மனமில்லை. இவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒற்றை விரலால் தட்டிப் பழகி, ஒரு வருடத்தில் பதிவு மேசைக்கு வந்துவிட்டாள்.

மூத்திரக் குழாய் போட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் காலையில் நர்ஸ் ஒரு செக்லிஸ்ட் நிரப்ப வேண்டும். குழாய் இன்றைக்கும் தேவையா, கை கழுவியாயிற்றா, மூத்திரம் சேரும் பை தரையில் படாமல் தொங்குகிறதா என்று ஐந்து கேள்விகள். அதை ஆதிலட்சுமி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நோயாளி எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் முதல் கேள்விக்கு ‘தேவையில்லை’ என்று வரும்; டாக்டர் அன்றே குழாயை எடுக்கச் சொல்வார். இந்தத் தாள் வந்த பிறகு, குழாய் வழியாகக் கிருமி ஏறி வரும் காய்ச்சல் வார்டில் பாதியாகக் குறைந்திருந்தது.

தேதியையும் நேரத்தையும் அவள்தான் தட்டுவாள். ஆனால் எப்போது தட்டினாள் என்பதைக் கம்ப்யூட்டர் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டால் ஒழிய அந்தக் கட்டம் அச்சில் வராது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பௌர்ணமிதான் இடைஞ்சல். கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். அதனால் வார்டு நர்ஸ் மணிமொழி சிஸ்டர் பௌர்ணமித் தாள்களை முதல் நாளே நிரப்பித் தந்துவிடுவார். ஆதிலட்சுமியும் முதல் நாளே ஏற்றிவிடுவாள்.

2007 சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் கூட்டம். இரண்டு நாளுக்கும் சேர்த்தே ஏற்றினாள். ஏழாம் கட்டிலில் அடி அண்ணாமலை ஊர்க்காரர் சடையன். சர்க்கரை உள்ளவர். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் பிரியாமல் குழாய் போட்டிருந்தார்கள். ‘தேவை’ என்று இரண்டு தடவை தட்டினாள்.

மூன்றாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் ஆதிலட்சுமி வந்தபோது ஏழாம் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அவள் டிபன் டப்பாவைத் திறந்து இட்லி தின்றாள். ருசி தெரியவில்லை. பசியும் இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் ராஜமாணிக்கம் பதிவை அச்செடுக்கச் சொல்லிப் பார்த்தார். “லிஸ்ட்டுல எல்லாம் கரெக்டாதாம்மா இருக்குது. சம்சாரம் பையத் தொட்டிருக்காங்க, அதுல கிருமி ஏறியிருக்குது. அப்படித்தான் எழுதணும்.”

சடையனின் மனைவி தனம் வராந்தா பெஞ்சில் காகிதங்களுக்காகக் காத்திருந்தாள். ஆதிலட்சுமியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, பை ரொம்பிப் போச்சு, யாரும் வரல. நான்தான் அவுத்து ஊத்தனேன். சோப்பு போட்டுத்தாம்மா தொட்டேன். என் கையாலதான் போனாருன்றாங்களே, நெசமா?”

தனம் பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

“பௌர்ணமி அன்னிக்கே எழுந்து நின்னுட்டாரு மனுசன். இந்த டியூப எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லுன்னு ஒரே நச்சு. எடுத்தா கூட்டத்த வேடிக்க பாக்க வாசலுக்குப் போயிடுவ, கம்முனு கெடன்னேன்.”

ஆதிலட்சுமி கையை விடுவித்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

“இன்னா பண்ற லட்சுமி?” மணிமொழி பின்னால் வந்து நின்றார்.

“ஏத்துன நேரத்தயும் சேத்து பிரிண்ட் எடுக்கறேன் சிஸ்டர்.”

“எனக்கும் வேல போவும், உனக்கும் போவும். அந்தாளு திரும்பி வரப்போறாரா?”

“வரமாட்டாரு.”

பிரிண்டர் இழுத்து இழுத்து ஓடியது. மணிமொழி அதை நிறுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். இரண்டு நாள் காலை ஆறு மணிப் பதிவுகளும் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நாலு பத்துக்கே ஏற்றப்பட்டவை.

“எல்லாப் பௌர்ணமிக்கும் இப்படித்தானா?”

“ரெண்டு வருசமா சார்.”

அவர் எழுதி வைத்திருந்ததை அடித்தார். “அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?” என்று தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஆதிலட்சுமியே போனாள். பெஞ்சில் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னாள். “டியூப அன்னிக்கே எடுத்திருக்கணும்மா. நாங்க பாக்காமயே வேணும்னு எழுதிட்டோம். எடுத்திருந்தா நீங்க அந்தப் பையத் தொட வேண்டியதே இல்ல.”



“அப்போ அவரு சொன்னதுதான் சரி.”

“ஆமாம்மா.”

“கம்முனு கெடன்னுட்டனே.”

  பஸ் எங்கே நிற்கும் என்று தனம் கேட்டாள். ஆதிலட்சுமி கூடவே வாசல் வரை போய்க் காட்டினாள்.

மணிமொழியை வேறு கிளைக்கு மாற்றினார்கள். ஆதிலட்சுமி மறுபடியும் ஆயாவானாள். அடுத்த பௌர்ணமிக்கு இருட்டோடு கிளம்பி, பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே ஆறு மணிக்கு வார்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏழாம் கட்டிலில் குழாயோடு வேறொருவர் படுத்திருந்தார்.

“எழுந்து நிக்க முடியுதாங்க?” என்று கேட்டாள்.