முப்பத்திரண்டு செங்கல்

குடை நுனியால் வாசற்படியை மூன்று தட்டுத் தட்டிவிட்டு, "படி உறுதி. அப்பன் வச்ச படில்லா" என்கிறார் தெய்வநாயகம் பிள்ளை. ஐப்பசி பிறந்தால் அவருக்கு முதல் வேலை இதுதான். அடுக்களையில் உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். படி உறுதியாகத்தான் இருக்கிறது. உயரமாக இல்லை என்பதுதான் ஏழு வருஷமாக அவளுடைய வழக்கு.

கோட்டாறு சந்தைக்குப் பின்னால், கால்வாய்க் கரையில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாலு வீடுகள். முதல் வீட்டில் பிள்ளை தனிக்கட்டையாக இருக்கிறார்; மற்ற மூன்றும் வாடகைக்கு. உலகம்மாள் இருப்பது இரண்டாம் வீட்டில். இரண்டு நாள் விடாமல் மழை அடித்தால் கால்வாய்த் தண்ணீர் யாரையும் கேட்காமல் நாலு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். படியை இரண்டு முழம் உயர்த்திக் கட்டினால் தீர்ந்தது. பிள்ளை கேட்க வேண்டுமே! "மனையடி பாத்து வச்ச அளவு. ஒரு விரக்கடை ஏத்துனாலும் குடியிருக்கவனுக்கு ஆகாது" என்பார். குடியிருக்கிறவனை வருஷா வருஷம் தண்ணீரில் நிறுத்துவது மட்டும் ஆகுமாக்கும்!

படியைத் தொட மாட்டாரே ஒழிய, வெள்ளத்துக்கு வீட்டைத் தயார் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. படியைத் தட்டி முடித்ததும் ஓவுக்கு வருவார். பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியே போகிற அந்த ஓட்டை வழியாகத்தான் வெள்ளம் முதலில் உள்ளே ஏறும். பழந்துணியும் களிமண்ணும் சேர்த்துப் பிசைந்து, தம் கையாலேயே அடைப்பார். அன்று ராத்திரிக்குள் உலகம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் போக வழியில்லாமல் அடுக்களை முழுக்க நிற்கும். பிறகு, அரிசிப்பானை உறியில் ஏறிவிட்டதா, தீப்பெட்டி எங்கே, விளக்கு எங்கே என்று விசாரணை. டீக்கடையில் எல்லாரும் ஊர் தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிற இந்த வருஷமும் அவருக்கு ஓவைப் பற்றித்தான் பேச்சு. "நாம எந்தப் பக்கம் சேந்தா என்ன? கால்வா வெள்ளம் இந்தப் பக்கம்தான் வரும்."

கடைசியாகச் செங்கல். எப்போதோ கோயில் மதில் கட்டி மிஞ்சியதில் அவருக்குக் கிடைத்தவை முப்பத்திரண்டு. வீட்டுக்கு எட்டு, கட்டில் காலுக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் தாரால் வீட்டு எண் எழுதியிருக்கும். ஐப்பசியில் தருவார், தையில் திரும்ப வாங்கி, கழுவிக் காயவைத்து, ஓலை போட்டு மூடுவார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திவைத்து வளர்க்க மாட்டார்கள். அந்தக் கல்லை வைத்துப் படியைக் கட்டத் தொடங்கியிருக்கலாமே என்று நினைத்து நினைத்து உலகம்மாளுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் தலைவலியோடு பயமும் சேர்ந்துகொண்டது. அவள் புருஷன் கோலப்பன் அரிசி மண்டியில் மூட்டை அடுக்கும்போது சரிந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நாற்பது நாள் அசையக் கூடாது; கட்டு நனையக் கூடாது; நனைந்தால் எலும்பு கோணிவிடும். கோணின காலை வைத்துக்கொண்டு எவன் மண்டியில் மூட்டை தூக்குவது? போன வருஷம் தண்ணீர் இரண்டு செங்கல்லையும் தாண்டிக் கட்டில் பலகையை நனைத்ததை அவள் மறக்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னும் எட்டு கல்லு வேணும். அவுகளுக்க காலு நனையப்பிடாது."

"வீட்டுக்கு எட்டு. ஒனக்குப் பதினாறு தந்தா மத்தவன் கேக்க மாட்டானா?"

"கேட்டா எனக்க கிட்ட அனுப்புங்க. நான் பதில் சொல்லுகேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா மக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி ஓவைக் குத்திப் பார்க்கப் போய்விட்டார்.

சூளையில் வண்டிக் கணக்கில்தான் செங்கல் கொடுப்பார்கள். மழையில் வண்டி வராது. தென்னந்தடியைத் துண்டு போட்டு வைத்துப் பார்த்தாள், உருண்டது. மூன்றாம் வீட்டுச் சுயம்புலிங்கத்திடம் கேட்டாள். அவனுக்குக் கட்டிலில் படுக்கப்போட நாலு குழந்தைகள். "நல்ல வீட்டுக்காரரு வாய்ச்சாரு" என்று கட்டிலில் கிடந்த கோலப்பனிடம் எரிந்து விழுந்தாள். அவன் பாவம், என்ன செய்வான்?

மழை மூன்றாவது நாளாக அடித்தது. காலையில் படியைத் தாண்டிய தண்ணீர், மத்தியானத்துக்குள் கட்டில் பலகைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. உலகம்மாள் தலையணைகளை அவன் காலுக்கடியில் திணித்துக்கொண்டிருந்தபோது, தலையில் செங்கல் அடுக்கிய ஓலைக் கடவப்பெட்டியும் கக்கத்தில் குடையுமாகப் பிள்ளை தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தார்.

"தலவாணிய வச்சா வெள்ளத்தத் தடுக்குக? புத்தியிருக்கா ஒனக்கு? நகருட்டீ."

குந்தி உட்கார்ந்து, கட்டில் சட்டத்துக்குத் தோளைக் கொடுத்தார். தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது. "வையி!" அவர் ஒரு மூலையைத் தூக்க, அவள் கல்லை நுழைத்தாள். முதல் சுற்றில் கட்டில் காலுக்கு ஒன்று, அடுத்த சுற்றில் இன்னொன்று. ஒரேயடியாக ஏற்றினால் ஆள் உருண்டுவிடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது கல்லைக் கையில் வாங்கும்போதுதான் உலகம்மாள் தாரெழுத்தைப் பார்த்தாள். முதல் வீட்டு எண்.

"அண்ணாச்சி, இது ஒங்க கட்டில் கல்லுல்லா?"

"பேசாம வையிட்டீ. தை மாசம் பதினாறாத் திருப்பித் தரணும், கேட்டியா?"

தண்ணீர் அதற்குப் பிறகும் ஏறிக் கட்டில் பலகைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. பழைய உயரமாக இருந்திருந்தால் கட்டு கரைந்திருக்கும். மாவுக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காய்ந்தே இருக்கிறது என்று உறுதியான பிறகு, உலகம்மாள் ஒரு செம்பில் கஞ்சி ஊற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் முதல் வீட்டுக்குப் போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிள்ளையின் கட்டில் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது, பாய் மிதந்தது. வாசலுக்கு உள்ளே, உரலின் மேல் மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் அவர் குந்தியிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"கல்லு எல்லாம் அசையாம இருக்கா?" என்றார், செம்பை வாங்கிக்கொண்டே.

"இருக்கு. அண்ணாச்சி, மழை விட்டதும் அந்தப் படிய மட்டும் கொஞ்சம்..."

அவர் குடையை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். பாதிக் குடை முங்கிய பிறகுதான் படி தட்டுப்பட்டது. மூன்று தட்டுத் தட்டினார்.

"ஒரு அசைவு உண்டா, பாத்தியா? அப்பன் வச்ச படி."

மணைப்பலகையை எட்டிய தண்ணீர் அவர் கால் பெருவிரலை நனைத்தது. பிள்ளை காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினார்.