பின்சீட்டுக்காரர்களும் என் மகளும்

ஆட்டமே நடக்காத மாதங்களில்தான் அவர்கள் அதிகமாகச் சண்டை போட்டார்கள். சத்தியவேட்டில் கம்பெனி பஸ் புறப்பட்டதும் பின்சீட்டில் ஆரம்பிக்கும். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை கேட்டில் இறங்கும்வரை ஓயாது. ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், இன்னொருவர் பேக்கிங்கில் இருக்கிறவர். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட மைதானத்துச் சிமெண்ட் கோர்ட்டில் சாயங்காலம் ஆடுகிற பெண்கள் பாஸ்கெட்பால் டீம் என்றால் உயிர். குளிர்காலத்தோடு போட்டிகள் முடிந்துவிடும். அப்புறம் வெயில் தணிகிறவரை அடுத்த வருஷத்து டீமை இவர்கள்தான் பஸ்ஸில் உட்கார்ந்து கலைத்துக் கலைத்துக் கட்டுவார்கள். சின்னப் பெண்களில் யார் தேறுவாள், யாரை உட்காரவைக்க வேண்டும், யாரை நம்பக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

அவர்கள் அதிகமாக அலசியது ‘அந்த ஒசரமான பொண்ணு’ என்ற ஒருத்தியை. அவள் என் மகள்.

அது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர் சத்தியவேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நானும் தூசிக்குப் பயந்து துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெற்று வளர்த்த பெண்ணின் கையும் காலும் இவர்களுக்குப் பொழுதுபோக்கா? எழுந்து நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்காமல் இருந்ததற்குக் காரணம், அவர்களுடைய பேச்சு எனக்குத் தேவைப்பட்டது.

இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்த என் மகளைத் திருப்பதியில் ஒரு கல்லூரி கூப்பிட்டிருந்தது. ஆடினால் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். ஒரு வருஷத்துக்குள் டீமில் இடம் பிடிக்கவில்லை என்றால் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். இங்கேயே இருந்தாளானால், பதினெட்டு முடிந்ததும் நான் ஒரு வார்த்தை சொல்லிக் கம்பெனியில் என் லைனிலேயே வேலைக்குச் சேர்த்துவிடலாம். கல்லூரி திறப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டால், “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வயலில் மோட்டார் போடக் கிளம்பிவிட்டார். ஒரு கோழி காணாமல் போனாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர். இதற்கு மட்டும் என் இஷ்டமாம். மகளையே கேட்டேன். “போவணும்னுதான் இருக்குது. பயமாவும் இருக்குது. நீயே சொல்லும்மா” என்றாள்.

நான் என்னத்தைச் சொல்வது? அந்த ஆட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஆடுகிற நேரமெல்லாம் எனக்கு ஷிப்ட். ஒரே ஒரு முறை, வீடு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். என்ன தப்பு செய்தாளோ, எதற்கு இப்படி நிற்கவைத்திருக்கிறார்களோ என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். பின்சீட்டிலிருந்து, “பாத்தியா, எப்படி அடைச்சிக்கினு நிக்கிது!” என்று குரல் வந்தது. அது கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் தினமும் காதைப் பின்னால் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

“ரெண்டே வருஷம். ஸ்டேட் டீம்ல ஆடலன்னா என் பேர மாத்திக்கறேன். அந்த ஒசரம் இந்தப் பக்கத்துல யாருக்கு கீது?” என்பார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

“ஒசரம் இருந்தா பத்துமா? கரண்ட் கம்பங்கூடத்தான் ஒசரம். ஒத்துரா சாமி, வேணாண்டா, அந்தப் பொண்ண நம்பி டீம் கட்டாத. நாயுடுபேட்டை மேட்ச்ல கைக்கு வந்த பந்த வுட்டுட்டு முழிச்சிக்கினு நின்னுச்சே, மறந்துட்டியா?” என்பார் பேக்கிங்காரர்.

முதல் ஆள் பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு நல்ல பெட்டி வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பேன். இரண்டாவது ஆள் பேசி முடிப்பதற்குள், சூப்பர்வைசரைப் பார்த்து வேலைக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றும். இதாவது பரவாயில்லை. சாயங்காலம் திரும்பும்போது இரண்டு பேரும் கட்சி மாறியிருப்பார்கள். காலையில் ஸ்டேட் டீமுக்கு அனுப்பியவர், “ஓடும்போது கால் பின்னுதுடா” என்பார். காலையில் கரண்ட் கம்பம் என்றவர், “சின்ன வயசுதான, தேறிடும்” என்பார். எனக்குத் தலை சுற்றும். வீட்டுக்குப் போய் மகளை நடக்கச் சொல்லிப் பார்த்தேன். கால் பின்னுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. “என்னாம்மா பாக்கற?” என்றாள். எதுவும் இல்லை என்றேன்.

பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலை பொறுக்கமுடியாமல் துப்பட்டாவை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

“யப்பா, நீங்க பேசிக்கினு வர்ற அந்த ஒசரமான பொண்ணு என் பொண்ணுதான். திருப்பதில காலேஜ்ல கூப்பிடறாங்க. அனுப்பலாமா, வேணாமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க.”

ஃபோர்க்லிஃப்ட்காரர் எழுந்து நிற்கப் போய்க் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். “அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நாங்க சும்மா பேசிக்கினு வர்றோம்க்கா” என்றார்.

சும்மாவாம்! அந்தச் சும்மாவை நம்பித்தான் நான் இத்தனை நாள் கிடந்து அல்லாடினேன்.

அன்றைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. பஸ்ஸில் ஏறினால், “அக்கா, தங்கமான பொண்ணுக்கா”, “அந்தப் பொண்ணு மாதிரி ஆட யாருமே கெடையாதுக்கா” என்று இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தார்கள். அம்மா காதில் விழுவதற்காகச் சொல்கிற பேச்சு அது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உண்மையாவது காதில் விழுந்திருக்கும். அதையும் கெடுத்துக்கொண்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு காலை, ஃபோர்க்லிஃப்ட்காரர் வழக்கம்போல் ஆரம்பித்தார். நாயுடுபேட்டை மேட்சில் பந்து தவறியதுகூடக் கோர்ட்டின் குற்றம்தான் என்றார். பக்கத்தில் இருந்த பேக்கிங்காரர் அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பினார்.

“நிறுத்துடா. அக்கா, உன் பொண்ணுக்கு எடது கை சுத்தமா வராது.”

ஃபோர்க்லிஃப்ட்காரர் அவர் தொடையைக் கிள்ளினார். அவர் நிறுத்தவில்லை.

“எடது பக்கம் பந்து வந்தா திகைச்சிப்போவுது. அன்னிக்கு அதனாலதான் தோத்தோம். அத சரிபண்ண நம்ம ஊர்ல ஆள் கெடையாது. இங்கயே இருந்தா கடைசி வரைக்கும் இப்படித்தான் ஆடும். அங்க போனா சரியாவும்னு நான் சொல்லல. சரியானாலும் ஆவும்.”

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. என் பெண்ணுக்கு இடது கை வராது என்று ஊரே கேட்க ஒரு ஆள் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் இத்தனை நாளில் கையில் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பேச்சு அதுதான் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாங்கினேன். திருப்பதி ஹாஸ்டல் வாசலில் அவளை விட்டுவிட்டு வந்தபோதும், செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் போன் செய்தாள். “இன்னும் மேட்ச்ல எறக்கலம்மா. உக்கார வெச்சிருக்காங்க.”

“அது நல்லதா, கெட்டதா?”

“தெரியலம்மா” என்றாள்.

மறுநாள் காலை நேராகப் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். யார், எவர் என்று சொல்லாமல், “ஒரு டீம்ல புதுசா வந்த பொண்ண உக்கார வெச்சா என்னா அர்த்தம்?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான், ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு உயிர் வந்தது. “பத்திரமா வெச்சிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம். பெரிய மேட்ச்சுக்கு எறக்குவாங்க” என்றார். பேக்கிங்காரர், “போடா, இன்னும் நம்பிக்கை வரலன்னு அர்த்தம்” என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். பாதி வழியில் வழக்கம்போல் கட்சி மாறினார்கள். கேட் வந்தபோது எனக்கு ஏறும்போது இருந்த குழப்பம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

இறங்கும்போது பேக்கிங்காரர் என் பின்னாலேயே வந்தார்.

“எடது கை எப்படி கீதாம்?”

“கேக்கலப்பா.”

“சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டு சொல்லுக்கா. நம்ம பொண்ணு அங்க போய் உக்காந்துக்கினு இருந்தா எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?”

“எனக்கு மட்டும் வருதா?” என்றேன்.