கார்டை நம்பாத பிரான்சிஸ்கா

சுவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார் பிரான்சிஸ்கா. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவர். ஒரே இடத்தில் நின்று நானூறு, ஐந்நூறு என்று அமுக்கிக்கொண்டே போனார். ஃபோன் கடை வாசலில் நின்ற ஸலீமுக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க, செவுத்துக்கு இன்னைக்குக் கல்யாணமா?”

“கார்டு வித்தது நீங்கதானே? ஒங்கள நம்புறேன். கார்ட நம்ப மாட்டேன்.”

புது மெமரி கார்ட் எதுவானாலும் அதை இப்படித்தான் விளிம்புவரை நிரப்புவார். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகே எல்லாவற்றையும் அழிக்கும் ஃபோர்மட், அதுவும் கெமராவிலேயே. நாற்பது வயது, சொந்த ஸ்டூடியோ, நகமளவுக் கார்டுகள் ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் நகப்பூச்சில் புள்ளிகள், ஒன்று முதல் ஆறு வரை. ஒன்றைக்கூடப் பிறர் கையில் கொடுப்பதில்லை. வெலிமடையில் ஒரு மாப்பிள்ளை கெஞ்சியபோது, “பொண்ணத்தான் ஒங்களுக்குக் குடுத்திருக்காங்க, கார்ட இல்ல” என்றாராம்.

கொடுத்தது ஒரே ஒரு முறை. போன மாதம், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ரெங்கம்மாவின் சாவு வீட்டைப் படமெடுக்கப் போனபோது. மகள் கலாராணி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறவர், லீவு கிடைக்கவில்லை. அவர் அனுப்பியிருந்த மஞ்சள் சேலையைத்தான் அம்மாவுக்கு உடுத்தியிருந்தார்கள். அடக்கம் முடிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியதும் ஃபோனில் கலாராணியின் ஒரே அழுகை. “அக்கா, அம்மா மொகத்த இப்பவே அனுப்புங்கக்கா.”

பிரான்சிஸ்கா இளகிப்போனார். கார்டைக் கழற்றி, கலாராணியின் அண்ணன் ஜீவனிடம் கொடுத்தார். ஜீவன் அதைத் தன் ஃபோனில் போட்டார். ஃபோன் என்னவோ கேட்டது. சரி என்று அமுக்கினார்.

“அக்கா… ஒண்ணுமே இல்லக்கா.”

ஃபோன் கார்டை ஃபோர்மட் செய்திருந்தது. பிரான்சிஸ்கா திட்டவில்லை. கார்டை வாங்கித் தாளில் மடித்தார். “இனி இதுல ஒரு படமும் எடுக்கக்கூடாது தம்பி. லயத்து வீட்டுக் காம்பராக் கதவுல எழுதியிருந்த பேருதான் அழிஞ்சிருக்கு. ஆளுங்க உள்ளதான் இருக்காங்க. வெளிய எடுக்காம நான் விட மாட்டேன்.”

அடுத்த மூன்று நாளும் ஸ்டூடியோ திறக்கவில்லை. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்களை ஒன்று மாற்றி ஒன்று ஓடவிட்டார். முதலாவது ஒன்றுமே காட்டவில்லை. இரண்டாவதில் மாலைகள் வந்தன, பறை அடித்தவர்கள் வந்தார்கள், மஞ்சள் சேலையும் கழுத்துவரை வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் எல்லாப் படத்திலும் சாம்பல் பட்டை.

“விட்டுருங்க. தெரியாம நடந்ததுதானே” என்றார் ஸலீம்.

“நாங்க பாத்துட்டோம். அவ பாக்கல்லையே” என்று மூன்றாவதைத் தொடங்கினார் பிரான்சிஸ்கா.

அது இன்னும் ஆழமாகத் தோண்டியது. சாவு வீட்டுப் படங்கள் பதியாத மிச்ச இடத்திலிருந்து, எப்போதோ எடுத்து ஃபோர்மட் செய்த படங்கள் கிளம்பி வந்தன. தை மாதம் அதே தோட்டத்தில் நடந்த கல்யாணம். பந்தியின் ஓரத்தில், சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி, வாய்கொள்ளாமல் சிரிக்கிறார் ரெங்கம்மா.

பிரான்சிஸ்கா அதைக் குவைத்துக்கு அனுப்பினார். கூடவே குரலும் போனது: “கலா, அன்னைக்கு எடுத்த மொகம் கெடைக்கல்ல. கார்டக் குடுத்தது என் தப்பு. இது கெடச்சிச்சு.”

கலாராணியின் பதில் வந்தது. “இதையே பெருசாக்கி வீட்டுல மாட்டுங்கக்கா. தட்ட வெட்டிறாதீங்க. அம்மா அப்பிடித்தான் சாப்பிடும்.”

இன்று காலை பிரான்சிஸ்கா மடுல்சீமை பஸ்ஸில் இருக்கிறார். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் பக்கத்து இருக்கையில் சாய்ந்திருக்கிறது. மேலே தூக்கி வைக்கச் சொன்ன கொண்டக்டரிடம் முடியாது என்று தலையாட்டினார்.

“அப்ப அதுக்கும் டிக்கட் எடுக்கணும்” என்று சிரித்தார் கொண்டக்டர்.

பிரான்சிஸ்கா சிரிக்கவில்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி காசை நீட்டினார். “ரெண்டு மடுல்சீமை.”