வயிற்றுச் செல்களின் வாத்தியார்

ஏனாத்தூர் ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்கப் போனபோது ஓர் உயிரியல் பேராசிரியரைப் பார்த்தேன். கையில் பட்டுக்கடைப் பை நிறையப் பாடக்குறிப்பு, வாயில் ஓயாமல் அசிடிட்டி மாத்திரை.

"வயித்துல பெரிய காயம் பட்டா, சுரப்பி செல்லுங்க பெருகித்தான் ஆத்தும்பா. ஆனா டி.என்.ஏ. அறுந்திருந்தா, நின்னு சரி பண்ணிக்கினுதான் ரெண்டா பிரியும். அவசரப்பட்டா கேன்சர்," என்று நான் கேட்காமலே விளக்கினார்.

மெஷினிலிருந்து வந்து விழுந்த அவருடைய தாளைப் படித்தேன்.

"சார், இதுல 'டி.என்.ஏ. அறுந்தாலும் நிற்காமல் பெருகும்'னு தப்பா இருக்குதே?"

கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "அட, ஆமா. பாதி காப்பி வந்துடுச்சு. ஓடிக்கினு இருக்கற மெஷினை எதுக்குபா நிறுத்தறது? பசங்க படிக்கவா போறானுங்க?"

இன்னொரு மாத்திரையைக் கடித்தார்.

அவர் வயிற்றுச் செல்களாவது அவரிடம் பாடம் படித்திருக்கக் கூடாது என்று இன்றும் காமாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.